தேதி, கிழமை காட்டும் மெக்கானிக்கல் வாட்ச்: பார்த்து வாங்குவது எப்படி

காலண்டர் உள்ள மெக்கானிக்கல் வாட்ச் வாங்கப் போகிறவர் கடைக்குள் நுழையும் முன்னே இரண்டு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். ஒன்று, வருடத்துக்கு எத்தனை தடவை நான் கையால் தேதியைத் திருத்தத் தயார்? இரண்டு, இது மக்கர் செய்தால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பிரித்துப் பார்க்க ஆள் உண்டா? டயல் நிறம், செயினின் பளபளப்பு, பிராண்டு பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த இரண்டையும் யோசிக்காமல் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாங்கிப் போட்ட நல்ல நல்ல வாட்சுகள், தப்புத் தேதியோடு பீரோவுக்குள் கிடக்கின்றன. வாட்ச் மேல் குற்றம் இல்லை. பொருத்தம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காலண்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது. டயலைக் கழற்றினால் அதற்கு அடியில் வளையல் மாதிரி ஒரு தட்டை வளையம் இருக்கும். மேலே 1 முதல் 31 வரை எண்கள், உள்விளிம்பில் 31 பற்கள். இரண்டு பற்களுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கொண்டி உட்கார்ந்து, வளையம் ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும் சக்கரம் ஒன்று. அதில் நீட்டிய ஒரு விரல். ராத்திரி ஒன்பது, பத்து மணி வாக்கில் அந்த விரல் வளையத்தின் பல்லைத் தொட்டுத் தள்ள ஆரம்பிக்கும். பன்னிரண்டை நெருங்கும்போது கொண்டி பல்லின் உச்சியைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் 'டக்' என்று விழும். ஜன்னலில் தேதி மாறிவிடும். கிழமையும் இருந்தால் அதற்கு இன்னொரு விரல், இன்னொரு தட்டு. அது பல வாட்சுகளில் விடியற்காலை மூன்று, நான்கு மணி வரைகூட மெதுவாக ஊர்ந்து மாறும். விரல் பல்லோடு சிக்கியிருக்கும் அந்த நேரத்தில் நாம் சாவியை (வாட்சின் ஓரத்தில் இருக்கும் திருகை) திருகித் தேதியை மாற்றினால் பல் வளையும், அல்லது உடையும். சில மெஷின்களில் விரல் உள்ள அந்த மாற்றுச் சக்கரம் பிளாஸ்டிக். காலண்டர் கெட்டு ரிப்பேருக்கு வருவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

எந்த வகை காலண்டர்

வளையத்தில் 31 பற்கள் இருப்பதால் எல்லா மாதத்தையும் அது 31 நாளாகத்தான் எண்ணும். ஆகவே தேதி மட்டும் காட்டும் வாட்சை வருடத்தில் ஐந்து தடவை திருத்த வேண்டும்: மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் மாதங்களின் முதல் தேதியில். மே 1 காலை அது 31 என்று காட்டும், ஒரு தட்டு தட்டினால் போதும். மார்ச் 1 அன்று 29 என்று காட்டும், மூன்று தட்டு. லீப் வருடத்தில் இரண்டு தட்டு. இதைத் தொல்லை என்று நினைப்பவர் மெக்கானிக்கல் காலண்டர் பக்கமே வர வேண்டாம். மனதாரச் செய்பவருக்கு ஒரு நிமிட வேலை. ஜன்னல் வழியே தேதி தானாக மாறும் கைக்கடிகாரத்தை ரோலெக்ஸ் 1945இல் டேட்ஜஸ்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று கடையில் பார்க்கும் தேதி வாட்சுகளின் சாயல் அதிலிருந்து வந்ததுதான்.

தேதியோடு கிழமையும் காட்டுவது டே-டேட். நம் பக்கத்துக்கு இதுதான் நிறைவான தேர்வு. ராகுகாலம், எமகண்டம், சந்தை நாள், கோயில் நடை எல்லாமே கிழமையை வைத்து ஓடும் ஊர் இது. கிழமைத் தட்டு ஏழு நாள் கணக்கு என்பதால் மாதக் கடைசியில் அதைத் தொட வேண்டியதே இல்லை; தேதியை மட்டும் ஐந்து தடவை திருத்தினால் போதும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: வாட்சுக்கு நாள் நள்ளிரவில் மாறும், பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில் மாறும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு உட்காரும்போது வாட்ச் 'வெள்ளி' என்று காட்டும். பஞ்சாங்கக் கணக்கில் அப்போதும் வியாழன்தான்.

அடுத்தது முழுக் காலண்டர். தேதி, கிழமை, மாதம் மூன்றும் காட்டும். பெரும்பாலும் நிலவும் சேர்ந்திருக்கும். பார்க்க அழகு. ஆனால் இதையும் அதே ஐந்து தடவை திருத்த வேண்டும், மாதத் தட்டும் உள்ளே சேர்ந்திருக்கிறது. கேஸின், அதாவது வாட்சின் உலோகக் கூட்டின், ஓரத்தில் மூன்று நான்கு சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு பொத்தான். கூடவே தரும் குச்சியால் அழுத்த வேண்டும். ஊக்கு, சேஃப்டி பின், பேனா முனை இவற்றால் அழுத்திக் கேஸைக் கீறிக்கொள்ளாதவர் குறைவு. குச்சி தொலைந்துவிட்டால் பல்குத்தும் மூங்கில் குச்சியின் மழுங்கிய முனை போதும். உலோகம் கூடாது. அந்தக் குழிகள் தண்ணீரும் வியர்வையும் புகக்கூடிய இடங்கள் என்பதையும் வாங்கும்போதே யோசியுங்கள்.

வருடாந்திரக் காலண்டர் என்பது 30, 31 நாள் மாதங்களைத் தானே பிரித்துக்கொள்ளும். பிப்ரவரி மட்டும் அதற்குப் புரியாது. மார்ச் 1 அன்று ஒரே ஒரு தடவை திருத்தினால் வருடம் முழுக்க ஓடும். சுவிஸ் கம்பெனியான பட்டேக் பிலிப் 1996இல் இதைக் கைக்கடிகாரத்தில் கொண்டுவந்தது. நிரந்தரக் காலண்டர் லீப் வருடத்தையும் கணக்கில் வைத்திருக்கும். இதன் இதயம், நான்கு வருடத்தின் 48 மாதங்களையும் பள்ளமும் மேடுமாகச் செதுக்கிய, நான்கு வருடத்துக்கு ஒரு சுற்று வரும் சக்கரம். ஆழமான பள்ளம் பிப்ரவரி, ஆழம் குறைந்த பள்ளம் 30 நாள் மாதம், மேடு 31 நாள் மாதம். லண்டனில் தாமஸ் மட்ஜ் 1762இல் இப்படி ஒரு பாக்கெட் கடிகாரம் செய்தார். கைக்கு வந்தது 1925இல், பட்டேக் பிலிப் கையால். 2028 பிப்ரவரி 29ஐ இது தானே காட்டிவிட்டு மார்ச்சுக்குப் போகும். 2100 லீப் வருடம் இல்லை என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

இந்த இரண்டு வகையும் லட்சக் கணக்கில் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், ஓடாமல் நின்றுவிட்டால் மறுபடி செட் செய்வது. பழைய முறை நிரந்தரக் காலண்டரை முன்னால்தான் தள்ள முடியும், பின்னால் இழுக்க முடியாது. ஒரு நாள் கூடுதலாகத் தள்ளிவிட்டால் வாட்சை நிறுத்திவைத்து, உண்மையான தேதி அதை எட்டிப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மாதம் தப்பிவிட்டால் சர்வீஸுக்கு அனுப்புவதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரே சாவியால் நகர்த்தும் ஏற்பாட்டை ஐடபிள்யூசி என்ற சுவிஸ் நிறுவனத்துக்காக கர்ட் கிளவுஸ் 1985இல் டாவின்சி வாட்சில் கொண்டுவந்தார். அதிலும் முன்னால் தள்ளுவது மட்டும்தான். இந்த வகையை நம் ஊர் மெக்கானிக் திறக்க மாட்டார், திறக்கவும் விடக் கூடாது. சென்னை, பெங்களூருக்கு அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வர மாதங்கள் ஆகலாம். தினமும் கட்டாமல் விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிறவர் இதை வாங்கவே வேண்டாம். வாட்சைச் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்பெட்டி வைத்திருப்பவர், நிதானமாகக் கையேடு படிக்கும் பழக்கம் உள்ளவர், அவருக்குச் சரி.

நிலவு ஜன்னல்

டெல்டாவில் நிலவு காட்டும் வாட்சைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, "இது அமாவாசை, பௌர்ணமி காட்டுமா?" என்றுதான். சுமாராகக் காட்டும். சாதாரண நிலவுச் சக்கரத்தில் 59 பற்கள், தட்டில் இரண்டு நிலவுகள். ஒரு நிலவுக்கு இருபத்தொன்பதரை நாள். உண்மையான கணக்கு 29.53 நாள். மாதத்துக்கு 44 நிமிடம் வித்தியாசம். சுமார் இரண்டு வருடம் ஏழு, எட்டு மாதத்தில் ஒரு நாள் முந்தும். 135 பல் சக்கரம் வைத்த விலை கூடின வாட்சுகளில் அந்த ஒரு நாள் பிழை வர 122 வருடம் ஆகும். ஆனால் திதி என்பது 19 மணியிலிருந்து 26 மணி வரை கூடிக் குறைவது. அதை எந்த நிலவுச் சக்கரமும் பின்தொடராது. தர்ப்பணத்துக்கும் பிரதோஷத்துக்கும் தினசரி காலண்டரைத்தான் பார்க்க வேண்டும்.

செட் செய்வது எளிது. பௌர்ணமி அன்று பகலில், நிலவு ஜன்னலின் நட்ட நடுவில் முழுதாக நிற்கும் வரை பொத்தானை அழுத்துங்கள். பௌர்ணமி கடந்து ஐந்து நாள் ஆகிவிட்டதென்றால் நடுவில் நிறுத்திவிட்டு மேலும் ஐந்து அழுத்து. இன்னொன்று: வாட்சில் பிறை செங்குத்தாக, பக்கவாட்டில் வளர்வது போல் வரைந்திருப்பார்கள். அது சுவிட்சர்லாந்து வானத்துக்கு. பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கும் நம் வானத்தில் மூன்றாம் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். வாட்சையும் வானத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டு 'கோளாறு' என்று கடைக்கு ஓட வேண்டாம்.

அதேபோல, ஜன்னலில் தெரிவது ஆங்கிலத் தேதி மட்டும். தமிழ் மாதத் தேதியை அந்த வளையத்தில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள், ஆனி, ஆடிக்குச் சில வருடங்களில் 32 நாள். வளையத்தில் 32ஆம் எண்ணே இல்லை.

மெஷின் எது

பிராண்டைவிட உள்ளே இருக்கும் மெஷினைக் கேளுங்கள். அதன் எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் அவசரப்பட வேண்டாம்.

சீக்கோவின் 4ஆர்36 டே-டேட் மெஷின். 2019க்குப் பின் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வாட்சுகள் பலவற்றில் இதுதான். 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓட்டம். சாவியை இழுத்தால் நொடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். அதற்கு முந்தைய 7எஸ்26இல் இந்த இரண்டும் கிடையாது. ஆட்டித்தான் உயிர் கொடுக்க வேண்டும். ஆனால் உழைப்பில் அது சளைத்ததில்லை. மியோட்டா 8200 வரிசை சிட்டிசனுடையது. 8215 தேதி மட்டும், 8205 டே-டேட். பல பிராண்டுகள் இந்த மெஷினை வாங்கித்தான் வைக்கின்றன. சுவிஸ் பக்கம் போனால் ஈடிஏ 2824-2 தேதிக்கு, 2836-2 டே-டேட்டுக்கு. மணிக்கு 28,800 துடிப்பு, 38 மணி நேர ஓட்டம். டிஸோவில் வரும் பவர்மேட்டிக் 80 பெயருக்கேற்ப 80 மணி நேரம் ஓடும். வெள்ளி சாயங்காலம் கழற்றி வைத்துத் திங்கள் காலை கட்டுகிற ஆபீஸ்காரருக்கு இந்த 80 மணி பெரிய நிம்மதி. நேரமும் தேதியும் நிற்காது. 38, 41 மணி நேர மெஷின் ஞாயிறு மதியமே நின்றுவிடும்.

எச்எம்டி தனிக்கதை. சிட்டிசன் தொழில்நுட்பத்தில் பெங்களூரில் 1961இல் தொடங்கி, நம் அப்பா, தாத்தா கைகளில் ஓடியது. வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 'கஞ்சன்' மாடல் போன்ற, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்குகளில் கிழமை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் வரும். வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் புதிது வாங்கும் முன் அதைச் சர்வீஸ் செய்து பாருங்கள். ஊரில் வயதான மெக்கானிக் எவருக்கும் அந்த மெஷின் கைவந்தது.

துல்லியத்தில் ஆசையை அளவோடு வைக்க வேண்டும். 4ஆர்36க்குக் கம்பெனி சொல்லும் வரம்பே நாளுக்கு 45 நொடி கூடுதல் முதல் 35 நொடி குறைவு வரை. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நன்றாக ஓடும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் தள்ளினால் பழுது இல்லை. துல்லியத்தைச் சோதித்துச் சான்று தரும் சுவிஸ் அமைப்பான சிஓஎஸ்சியின் சான்று பெற்ற மெஷினுக்கு வரம்பு நாளுக்குக் கூடுதல் 6, குறைவு 4 நொடி.

நம் வெயில், நம் ஈரம்

ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சித்திரை வியர்வையும் வாட்சுக்கு நல்லதில்லை. தண்ணீர் பெரும்பாலும் சாவி வழியாகத்தான் உள்ளே போகும். சாவித் தண்டுக்குப் பக்கத்தில்தான் தேதி மாற்றும் நெம்புகோல்கள் இருக்கின்றன. ஆகவே துரு முதலில் பிடிப்பது காலண்டர் பகுதியைத்தான். தேதி மாற்றும்போது சாவி முன்பைவிட இறுக்கமாக, மணல் கலந்த மாதிரி நறநறவென்று திரும்பினால் துரு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே கொடுத்தால் சுத்தம் செய்து எண்ணெய் விடுவதோடு முடியும்.

பின்மூடியில் 3 பார் அல்லது 30 மீட்டர் என்று இருந்தால் கை கழுவும் தெறிப்புக்கு மட்டும். 5 பார் மழைக்குத் தாங்கும். வயல், வாய்க்கால், ஆற்றுக் குளியல் என்று இருப்பவர் 10 பாரும் திருகி மூடும் சாவியும் உள்ளதாகப் பாருங்கள். 30 மீட்டர் என்பது ஆய்வகத்து அழுத்தக் கணக்கு. முப்பது மீட்டர் ஆழத்தில் முங்கலாம் என்பதல்ல. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று இருக்கிறது. அங்கே பித்தளை மேல் முலாம் பூசிய கேஸ் வேண்டாம், 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். ரப்பர் வாஷரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால்தான் எழுதியிருக்கும் அந்த மீட்டர் உண்மை.

கண்ணாடிக்குள் பனி படிந்தால் அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தவிட்டுத் தூசுதான் சாவி இடுக்கில் போய் அடையும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மெஷின் முழுக்கப் பரவும். அன்றைக்கே பின்மூடியைத் திறந்து உலர்த்தச் சொல்வதுதான் வழி.

தோல் பட்டை நம் வியர்வையில் சீக்கிரம் நாறி, வெடிக்கும். தினமும் கட்ட ஸ்டீல் செயினோ ரப்பரோ நைலானோ நல்லது. தோல் பட்டையை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். திருவிழா மைக்செட்டின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி, காந்தம் வைத்த செல்போன் உறை, கைப்பையின் காந்த மூடி இவை பக்கத்தில் வாட்சை வைக்கக் கூடாது. உள்ளே துடிக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் காந்தமேறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். பயப்பட வேண்டாம், காந்தம் எடுக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் ஒரு நிமிட வேலை.

கடையில் சோதிப்பது

கையில் வாங்கியதும் நேரே தேதியைத் திருகாதீர்கள். சாவியைக் கடைசி வரை இழுத்து முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நடுப்படிக்குத் தள்ளித் தேதியை ஒன்றிலிருந்து 31 வரை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். முப்பத்தோரு எண்ணும் ஜன்னலின் நடுவில் உட்கார வேண்டும். இரண்டு மூன்று எண் மட்டும் ஒதுங்கினால் வளையத்தின் அச்சுக் குறை. எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்தால் கொண்டியோ டயலோ நகர்ந்திருக்கிறது. கிழமையையும் ஏழு நாளும் சுற்றுங்கள். இரண்டு மொழித் தட்டில் 14 நிலை இருக்கும், இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் முட்களை முன்னோக்கிச் சுற்றிப் பன்னிரண்டைத் தாண்டுங்கள். பன்னிரண்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தேதி விழுந்தால் நல்ல வேலை. 12:40, ஒரு மணி என்று தள்ளினால், "அண்ணே, மணி முள்ளை எடுத்துத் திரும்பப் போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். புது வாட்சுக்கு இது கேட்கக்கூடிய உரிமைதான். இன்னொரு 12 மணி நேரம் சுற்றி அடுத்த பன்னிரண்டில் தேதி அசையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அசைந்தால் அந்த மெஷினை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

கண்ணுக்கும் கைக்கும் பொருத்தம் பார்ப்பது அடுத்தது. கண்ணாடி போடுகிறவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்துத் தேதியைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாத தேதிக்கு எதற்கு இத்தனை பல் சக்கரம்? பெரிய எண், டயலுக்கு எதிர் நிறம், தேவைப்பட்டால் ஜன்னல் மேல் பூதக்கண்ணாடி உள்ளதாகப் பாருங்கள். மணிக்கட்டை நூலால் அளந்து பாருங்கள். 16 செ.மீ. உள்ளவருக்கு 36 முதல் 40 மி.மீ. கேஸ் நன்றாக உட்காரும். பட்டை மாட்டும் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை உள்ள நீளம் மணிக்கட்டின் தட்டையான அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சட்டைக் கையிலும் பைக் கைப்பிடியிலும் முட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய வாட்ச் வாங்குகிறவர் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். பளிச்சென்ற நீலம், ஆரஞ்சு, பச்சை டயலோடு மலிவாக வரும் 'பழைய' எச்எம்டியும் சீக்கோ 5உம் பெரும்பாலும் புதுப் பெயிண்ட் அடித்தவை. உள்ளே நாலு வாட்சின் பாகங்கள் கலந்திருக்கும். டயல் புதுசாக மின்ன, தேதி வளையம் மட்டும் மஞ்சள் பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்து தடிமனாக, ஓரம் கசிந்திருந்தால் அது மறு அச்சு. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லி ரோட்டரில் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைத் தகட்டில்) என்ன மெஷின் எண் இருக்கிறது, திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய காயம் இருக்கிறதா என்று பாருங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

செட் செய்யும் முறை

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஐ எடுத்துக்கொள்வோம். 2026இல் அது வெள்ளிக்கிழமை. நேரம் சாயங்காலம் ஆறரை. வாட்ச் நின்று கிடக்கிறது.

1. சாவியை இழுக்காமல் முன்புறமாக இருபது முப்பது சுற்றுச் சாவி கொடுங்கள். கையால் சாவி ஏறாத மெஷின் என்றால் அரை நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள்.

2. கடைசிப் படிக்கு இழுத்து முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். அது காலை ஆறா, மாலை ஆறா என்பது இப்போது தெரியாது. எதுவானாலும் விரல் பல்லில் இல்லாத பத்திரமான இடம் அது.

3. நடுப்படிக்குத் தள்ளி, ஒரு பக்கம் திருகித் தேதியை 11, மறுபக்கம் திருகிக் கிழமையை வியாழன் ஆக்குங்கள். அதாவது நேற்றைய நாள்.

4. மறுபடி கடைசிப் படிக்கு இழுத்து முட்களை முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள். முதல் பன்னிரண்டில் தேதி மாறாவிட்டால் அது நண்பகல், தொடருங்கள். தேதி 12 ஆக மாறிய இடம் நள்ளிரவு.

5. நிறுத்தாமல் நான்கு மணி தாண்டுங்கள். கிழமை முழுதாக 'வெள்ளி'க்கு வந்து உட்காரும். அப்படியே நண்பகலைக் கடந்து சாயங்காலம் ஆறரைக்கு வாருங்கள். கடைசியில் மட்டும் ஐந்து நிமிடம் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் முள்ளின் தளர்வு போய்விடும்.

6. சாவியை உள்ளே தள்ளுங்கள். திருகு சாவி என்றால் முழுக்கத் திருகி மூடுங்கள். பாதியில் விட்டால் 10 பார் எல்லாம் எழுத்தோடு சரி.

மூன்றாம் படியில் நேராக 12, வெள்ளி என்று வைத்துவிட்டு முட்களைத் திருப்பினால்தான் பகல் பன்னிரண்டுக்குத் தேதி மாறும் கூத்து நடக்கும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் முட்களை 12 மணி நேரம் முன்னால் சுற்றி, தேதியைச் சரிபார்த்தால் தீர்ந்தது. தேதிக்குத் தனிப் படி இல்லாத பழைய மெஷின்களில், பன்னிரண்டைத் தாண்டித் தேதி மாறியதும் முட்களை எட்டு, ஒன்பது மணி வரை பின்னால் கொண்டுவந்து மறுபடி முன்னால் தள்ளித் தேதியை ஏற்றலாம். எல்லா மெஷினும் இதற்கு இணங்காது. பின்னால் சுற்றும்போது எதிர்ப்புத் தெரிந்தால் விட்டுவிட்டு, நாளுக்கு இரண்டு சுற்று என்று முன்னாலேயே போங்கள்.

எது எதனால் கெடுகிறது

ராத்திரி பத்துக்கும் ஒரு மணிக்கும் நடுவில் நின்றுவிடும் வாட்ச், பகல் முழுக்க நன்றாக ஓடும். பேய் பிசாசு இல்லை. தேதி வளையத்தைத் தள்ளும் நேரத்தில் மெஷினுக்குப் பாரம் கூடுகிறது, எண்ணெய் காய்ந்த மெஷினால் அந்தப் பாரத்தை இழுக்க முடியவில்லை. முழுச் சாவி கொடுத்த பிறகும் நின்றால் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை பிரித்துக் கழுவி எண்ணெய் போடுவது இதற்காகத்தான். "வெறும் பெட்ரோல் வாஷ் போதும்" என்று பிரிக்காமலே முக்கி எடுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்; தேதி வளையத்தின் அச்சு எழுத்தே கரைந்து போகும்.

இரண்டு தேதிக்கு நடுவில் ஜன்னல் நிற்பது கொண்டி ஸ்பிரிங் தளர்ந்ததால். சாவியால் தேதி மாறுகிறது, ராத்திரி தானாக மாறவில்லை என்றால் அந்த விரலோ மாற்றுச் சக்கரமோ உடைந்திருக்கிறது. ராத்திரி மாறுகிறது, சாவியால் மாறவில்லை என்றால் விரைவுமாற்றுச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் இந்த இரண்டில் எது என்று தெளிவாகச் சொன்னால் தேவையில்லாத பாகத்துக்குப் பில் வராது. சர்வீஸ் முடிந்து வாங்கும்போது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கவுண்டரிலேயே முட்களைச் சுற்றி இரண்டு நள்ளிரவைக் கடக்கச் செய்து, தேதியும் கிழமையும் விழுவதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.